ராஜாக்கள் இன்னும் வந்து சேரவில்லை

அன்புள்ள ஐயா,

எல்லா வருடமும் கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போய்விடுவோம். இந்த முறை அத்தைக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகியிருப்பதால் ஆதம்பாக்கம் வீட்டிலேயே இருக்கிறோம். நாங்கள் நான்கே பேர், விருந்தாளிகள் இல்லை. உள்ளுக்குள் எனக்கு இது நிம்மதியாக இருக்கிறது. அப்படி இருப்பது தப்போ என்றும் தோன்றுகிறது. அந்த ஒரு நாள் என் ஏழு வயது மகளுக்குச் சப்பென்று ஆகிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? நல்ல கேக் எங்கே கிடைக்கும்? படிக்க ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

ரெ., சென்னை

அன்புள்ள ரெ.,

நிம்மதியாக இருப்பதில் தப்பே இல்லை. கேக்கை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள்.

ஆனால் ஒரு நாள் என்று யாரம்மா உங்களுக்குச் சொன்னது? கொஞ்ச காலமாகவே இதை நினைத்து மனம் வெந்துகொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். நவம்பர் கடைசியிலேயே ஸ்டார் கட்டிவிடுகிறோம். டிசம்பர் முழுக்கக் கேரல், துணிக்கடை, கேக் ஆர்டர். நள்ளிரவுப் பூசை, மறுநாள் பிரியாணி, அப்புறம் தூக்கம். 26ஆம் தேதி காலையில் ஸ்டார் பரணுக்குப் போய்விடுகிறது. திருச்சபைக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். 24ஆம் தேதி பகல் வரைக்கும் திருவருகைக் காலம், சாமியார் ஊதா உடையில் பூசை வைக்கும் காலம், காத்திருப்பதற்கானது. கிறிஸ்து பிறப்புக் காலம் அன்று சாயங்காலம்தான் தொடங்குகிறது. 26 ஸ்தேவான், 27 யோவான், 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள், ஜனவரி 1 மாதா திருநாள், பிறகு குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் என்று ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரை போகிறது. காத்திருக்க வேண்டிய நாட்களில் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாட வேண்டிய நேரத்தில் பந்தலைப் பிரிக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. நீங்களும் ஸ்டாரை அதுவரை கழற்றக் கூடாது.

என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். கப்பல் நின்றால் 25ஆம் தேதியும் வேலைதான். அதனால் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ், வந்த சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் சூடு பிடிக்கும். குடிலுக்குள் இடையர்களோடு ராஜாக்களை வைக்க அவர் விடமாட்டார். "அவங்க இன்னும் வந்து சேரலை" என்பார். மூன்று மண் பொம்மைகளும் அடுக்களையில் அரிசி டின் மேல் நிற்கும். ராத்திரி செபமாலை முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் அவற்றை ஒரு சாண் நகர்த்த வேண்டும். அரிசி டின்னிலிருந்து அம்மாவின் தையல் மெஷின், அங்கிருந்து ஜன்னல் திட்டு, அப்புறம் ரேடியோப் பெட்டி. ஒட்டகத்துக்கு முன்னங்கால் ஒன்று உடைந்திருக்கும். சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். இன்றைக்கு யார் முறை என்று எனக்கும் தம்பிக்கும் அடிதடியே நடக்கும். டப்பாவின் அடியில் நொறுங்கிக் கிடக்கும் அச்சு முறுக்கைக் கருப்பட்டிக் காப்பியோடு தின்றபடி அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். 25ஆம் தேதி சட்டைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. அந்தச் சாண் கணக்கு ஞாபகமிருக்கிறது.

பைபிளில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், நாம் ராஜாக்கள் என்கிறோமே அவர்கள்தான், வீட்டுக்குள் போய்த்தான் பிள்ளையைத் தாயோடு கண்டார்கள் என்று இருக்கிறது. மாட்டுத் தொழுவம் என்று அங்கே இல்லவே இல்லை. அதைப் படித்துவிட்டு, வீட்டில் இருக்கிறோமே என்று நீங்கள் குறைப்படலாமா?

டிசம்பர் 14, 15 வாக்கில் மகளைக் கொண்டு கேப்பையை ஊறப்போடுங்கள். ஒரு ராத்திரி ஊறியதும் ஈரத்துணியில் கட்டிவையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் சிரட்டையிலோ அகலத் தட்டிலோ மண்ணைப் பரப்பித் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். திருநாளுக்குள் குடிலுக்குப் புல் தயார். கடையில் விற்கிற பிளாஸ்டிக் புல்லை தயவுசெய்து வாங்காதீர்கள். அவள் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கண்ணெதிரே ஏதாவது வளர வேண்டும்.

பரங்கிமலை உங்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். மேலே 1523இல் போர்த்துகீசியர் கட்டிய கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதாவின் பெயரில் இருக்கிறது. அந்த மாதாவின் திருநாள் டிசம்பர் 18. வயிற்றுப் பிள்ளைக்காரியாக மாதாவை நினைக்கிற அந்த நாளில் போகாமல் வேறு எந்த நாளில் போவீர்கள்? மகளோடு படியேறுங்கள். அத்தைக்கு மருத்துவர் சரி என்றால் காரில் அழைத்துப் போகலாம், மேலே வரை பாதை உண்டு.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். லூக்கா முதல் இரண்டு அதிகாரங்கள் இந்த வருடத்துக்குப் போதும். அத்தையின் கட்டிலருகே மகளை உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழைவிட்டால் நீங்கள் திருத்தாதீர்கள், அத்தை திருத்தட்டும். படுத்திருக்கிறவருக்கும் வீட்டில் ஒரு வேலை வேண்டும்.