இரண்டு டிராக்டர்களை ஒரே நடையில் ஏற்ற எத்தனை அடி டிரெய்லர் வேண்டும்?

45 ஹெச்.பி. வண்டிகள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றின் நீளம் சுமார் 12 அடி, எடை ஏறக்குறைய 2 டன். 8 அடி அகலத் தளத்தில் இரண்டைப் பக்கம் பக்கமாக நிறுத்த முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். அதனால் 20 அடித் தளம் போதாது. சங்கிலி கட்ட இடம் விட்டால் 26 அடியாவது வேண்டும். மூன்று என்றால் நேராக 40 அடிக்குப் போய்விடுங்கள்.

நீளத்தைவிட எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி அட்டையில் இருப்பது வெறும் வண்டியின் எடை. ரோட்டவேட்டர் (பின்னால் மாட்டும் மண் கிளறும் கருவி), முன்பக்க இரும்பு எடைகள் தனி. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதுவே சில நூறு கிலோ! ஏற்றுவதற்கு முன் அதை வடித்துவிடுவது நல்லது. முடிந்தால் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். டிரெய்லரின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும்.

பாரம் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் வேகத்தில் டிரெய்லரின் வால் ஆடும். ரோட்டவேட்டரைக் கழற்றித் தனியாக வைத்தால் இரண்டு மூன்று அடி மிச்சம். சங்கிலியை டிராக்டரின் அச்சில் கட்டுங்கள், ஸ்டீயரிங் கம்பியில் வேண்டாம்.