தம்பி குளிச்சு முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகுது, நாங்க என்னதான் பண்றது?

கேள்வி: வணக்கம்க்கா. நாங்க திருப்பூருங்க. அப்பா நிட்டிங் கம்பெனில ஃபிட்டர், நான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். தம்பிக்கு 16 வயசு, பிளஸ் ஒன். போன வருசம் டியூசன் விட்டு வர்றப்ப ஒரு தெரு நாய் அவன் பேன்ட்ட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு, கடிக்கல, நக்கல, சும்மா மோந்துச்சு, அவ்ளோதான். அன்னிலிருந்து ரேபீஸ் வந்துரும்னு பயம். மொதல்ல அந்த பேன்ட்ட மட்டும் தனியா தொவைக்கச் சொன்னான். இப்ப ஸ்கூல் பேக், செருப்பு, சைக்கிள் எல்லாத்தையும் டெட்டால் போட்டுத் தொடைக்கணும். குளிக்கப் போனா ரெண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு சோப்பு, கையெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது. அம்மா கடைக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே கால் கழுவி நைட்டி மாத்திட்டுதான் உள்ள வரணும். குழாயக்கூட அவன் தொடமாட்டான், நான்தான் தொறந்து விடணும். "அக்கா, நாய் என்மேல படலல்ல? நல்லாத் தெரியுமா?"ன்னு ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ கேக்கறான், நானும் படலடா படலடான்னு சொல்லிட்டே இருக்கேன். மூணு வாரமா ஸ்கூலுக்குப் போகல. ஒரு நாள் அப்பா கோவத்துல கேட் வால்வ மூடிட்டாரு, அவன் ஒடம்பெல்லாம் சோப்பு நுரையோட உள்ள உக்காந்து அழுத சத்தம் இன்னும் காதுலயே இருக்குது. பெரியம்மா மந்திரிச்சா சரியாப் போயிரும்ங்கறாங்க. கூகுள்ல ஓசிடின்னு வருது, ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற மனநோயாம். டாக்டர்ட்ட போனா மாத்திரைக்கு அடிமையாயிருவான்னு அப்பா பயப்படறாரு. கண்டிக்கறதா, இல்ல அவன் கேக்கறதெல்லாம் செஞ்சு குடுத்துட்டே இருக்கறதா?
– ஒரு அக்கா, திருப்பூர்

பதில்: வால்வ மூடின அன்னிக்கு ராத்திரி உங்க அப்பாவும் தூங்கியிருக்க மாட்டாரும்மா. அவர்ட்ட ஒரு விசயம் சொல்லுங்க. 1960கள்ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், ஓயாம கழுவிட்டே இருந்த ஒரு நோயாளியோட ரூம்ல தண்ணிய நிறுத்தி வச்சுத்தான் சிகிச்சை பண்ணாரு, இன்னிக்கு ஓசிடிக்கு உலகம் பூரா பண்ற பேச்சு வைத்தியத்துக்கு அதுதான் ஆரம்பம். அதனால அப்பா பண்ணதுல பாதி சரி, மீதி பாதி இல்லாமப் போனதுதான் பிரச்சன. அங்க நர்சுங்க எந்நேரமும் கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க, உங்க வீட்ல அந்தப் பையன் தனியா நுரையோட உக்காந்திருந்தான். இப்பல்லாம் தண்ணிய மூடுற பேச்சே கெடையாது, பையன் சம்மதிச்சு, அவனே எதுலருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லி, சின்னதுலருந்து ஒவ்வொரு படியா ஏறுவாங்க.

நீங்க எழுதினத வச்சுப் பாத்தா ஓசிடி மாதிரிதான் தெரியுது, ஆனா அத ஒரு சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர், பாத்துத்தான் சொல்லணும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இதுலயே போகுது, படிப்பு கெடுதுன்னா அது வெறும் சுத்தக்காரத்தனம் இல்ல, டாக்டருங்க பாக்குற முக்கியமான அளவுகோல் இதுதான். உங்க தம்பிக்கு அது எப்பவோ தாண்டிடுச்சு.

ரேபீஸ் பத்தி ஒரே ஒரு தடவ எழுதிடுறேன். கடி, நகக்கீறல், இல்லன்னா காயத்துலயோ கண்ணு வாய்லயோ எச்சில் படறது, இப்படித்தான் அது வரும், பேன்ட்ட மோந்து பாத்து வராது. நெஜமாவே கடிச்சா கத வேற, சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிசம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி. இதப் போய் தம்பிக்கு வாசிச்சுக் காட்டுங்கன்னு எழுதல, காட்டாதீங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். அவனுக்கு இது என்னையவிட நல்லாவே தெரிஞ்சிருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல தேடித்தேடிப் படிச்சிருப்பான். அவன்ட்ட இல்லாதது தகவல் இல்ல. மூளைல ஒரு அலாரம் மாட்டிக்கிட்டு அடிச்சுட்டே இருக்கு, நீங்க எவ்வளவு விளக்கினாலும் "ஆனா ஒருவேள..."ன்னு மறுபடியும் அடிக்கும்.

கழுவினா அந்த அலாரம் கொஞ்ச நேரம் நிக்குது பாருங்க, சிக்கலே அங்கதான். "ஓ, கழுவினதாலதான் நாம பொழச்சோம்"னு மூளை கணக்கு போட்டு வச்சுக்குது, அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் அடிக்குது. கழுவாம இருந்தா பயம் மேல மேல ஏறும், பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்தா பல பேருக்கு கொஞ்ச நேரம் கழிச்சு தானா எறங்கும், அன்னிக்கு எறங்கலன்னாக்கூட ஒண்ணும் ஆகலைங்கறத மூளை பாத்துக்கும். இத மறுபடி மறுபடி அனுபவிச்சாத்தான் அதுக்குப் புரியும், சொல்லிப் புரியாது.

இப்ப நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நீங்க நாப்பது தடவ "படலடா"ன்னு சொல்றீங்கல்ல, அது நாப்பது தடவ அவன் கைய கழுவி விடுறதுக்குச் சமம். குழாய் தொறந்து விடறது, அம்மா வாசல்லயே நைட்டி மாத்தறது, சோப்பு தீரத்தீர வாங்கி அடுக்குறது, எல்லாமே அவன்மேல இருக்குற பாசத்துல செய்றதுதான், ஆனா அதத் தின்னு வளர்றது நோய்தான். ஓசிடி இருக்குற வீடுங்கள்ல முக்காவாசி இப்படித்தான் ஓடும், இது உங்க தப்பு கெடையாது, கண்ணு முன்னாடி புள்ள துடிச்சா யாரும் செய்றதுதான்.

அதுக்காக நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க! அது வால்வ மூடினதுக்கு சமமாப் போயிடும். நீங்க, அம்மா, அப்பா மூணு பேரும் உக்காந்து, அவனுக்காக என்னென்ன செய்றோம்னு ஒரு நோட்ல எழுதுங்க, எழுதும்போது நீங்களே அசந்து போவீங்க. அதுல ஒண்ணே ஒண்ண எடுங்க. நானா இருந்தா அந்த "படலல்ல?" கேள்விய எடுப்பேன். அவன் குளிச்சு சாப்பிட்டு கொஞ்சம் அமைதியா இருக்குற நேரமாப் பாத்து, நீங்க சொல்லுங்க, அப்பா வேணாம், உங்க வாய்ல வந்தாத்தான் அவன் கேப்பான். "டேய், நீ இதுல எவ்ளோ கஷ்டப்படறன்னு எனக்குத் தெரியும், நீ இதத் தாங்குவன்னும் எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லச் சொல்ல அந்த பயந்தான் பெருசாகுது. திங்கக்கெழமையிலிருந்து ஒரு தடவதான் பதில் சொல்லுவேன், அப்புறம் கேட்டா பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துலயே உக்காந்திருப்பேன்." இவ்ளோ போதும். முன்கூட்டியே சொல்லாம திடீர்னு வாய மூடிக்கிட்டீங்கன்னா அக்காவும் கைவிட்டுட்டான்னு நெனச்சுக்குவான்.

மொத வாரம் நரகமா இருக்கும். நாப்பது தடவ எழுபதாகும், கத்துவான், "உனக்கு என்மேல அக்கறையே இல்ல"ம்பான், நீங்க பாத்ரூம்ல போய் அழுவீங்க. பெரும்பாலான வீட்ல இந்த எடத்துலதான் ஒடஞ்சு போயி பதில் சொல்லிடுறாங்க. அப்படி ஒடஞ்சா, அம்பத்தோராவது தடவ கேட்டா பதில் கெடைக்கும்னு நோய் கத்துக்கும். அதனால அம்மாவும் நீங்களும் ஒரே மாதிரி நிக்கணும், நீங்க சொல்லலைன்னா அவன் நேரா சமையல்கட்டுக்குத்தான் போவான்.

செய்யவே கூடாதது ஒண்ணு இருக்கு, தெரியாம ஏமாத்தித் தொட வைக்கிறது. நாய் படுத்திருந்த எடத்துல வச்ச பேக்க "கழுவிட்டேன்டா"ன்னு பொய் சொல்லிக் குடுக்குறது, சொந்தக்காரப் பசங்க "இந்தா நாய்"னு கைய தேய்க்கிறது, இதெல்லாம் தைரியம் வரவைக்காது, வீட்லயே யாரையும் நம்ப முடியலைங்கற நெலமைக்குத்தான் கொண்டு போகும்.

டாக்டர் விசயத்துக்கு வர்றேன். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல மனநலப் பிரிவு இருக்கும், உங்களுக்கு கோயம்புத்தூரும் பக்கம். பெங்களூர்ல இருக்குற பெரிய மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல ஓசிடிக்குன்னே தனி கிளினிக் இருக்கு, ரொம்ப நாளா குணமாகாதவங்க அங்க போறதுண்டு. ஆஸ்பத்திரின்னாலே கிருமின்னு அவன் வரமாட்டேம்பான், அப்ப நீங்களும் அம்மாவும் மட்டும் போங்க, தப்பே இல்ல. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல எலி லெபோவிட்ஸ்னு ஒருத்தர் பெத்தவங்களுக்கு மட்டும் பயிற்சி குடுக்குற ஒரு முறைய உருவாக்கினாரு, 2019ல வந்த அவங்க ஆய்வுல, பதட்ட நோய் இருந்த புள்ளைங்கள நேர்ல பாக்காமலே, பெத்தவங்கள மாத்தினதுலயே புள்ளைங்களுக்கு நேரடியா சிகிச்சை குடுத்த அளவுக்கு பலன் கெடச்சுது. அது ஓசிடி ஆய்வு இல்லதான், ஆனா அவன் வரலைன்னா ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு கைய கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதில்லைன்னு புரியுதுல்ல. இன்னிக்கே யார்ட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலிமானஸ், நம்பர் 14416, காசு கெடையாது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.

கவுன்சிலர்ட்ட போனா மொத நாளே கேட்டுடுங்க, "நீங்க ஈஆர்பி பண்ணுவீங்களா?"ன்னு. பயப்படறதத் தொட்டுட்டு கழுவாம இருக்கப் பழக்குற முறைக்குத்தான் அந்தப் பேரு. ஆறு மாசம் உக்கார வச்சு "பாசிட்டிவா யோசிப்பா"ன்னு பேசி அனுப்புறவங்கள நான் பாத்திருக்கேன், பணமும் போச்சு, பையனுக்கு நம்பிக்கையும் போச்சு.

மாத்திரைக்கு அடிமையாயிருவான்னு அப்பா சொல்றது தூக்க மாத்திரைய மனசுல வச்சுன்னு நெனைக்கிறேன், அந்த பயம் அதுக்கு நியாயந்தான். ஓசிடிக்கு வழக்கமா குடுக்குறது ஃப்ளூஆக்செட்டின், செர்ட்ரலின் மாதிரி மருந்துங்க, அதெல்லாம் போதை ஏத்துறதில்ல. ஆனா பொறுமை வேணும், முழு பலன் தெரிய 8லருந்து 12 வாரம் ஆகும், மூணாவது வாரமே "ஒண்ணும் கேக்கல"ன்னு நிறுத்திடக் கூடாது. நல்லாயிட்டான்னு நீங்களா டக்குனு நிறுத்தவும் கூடாது. இந்த வயசுப் பசங்களுக்கு ஆரம்பிச்ச மொத சில வாரம் கூடவே கவனிங்க, ஒரு மாதிரி நெலகொள்ளாம தவிக்கிறான், சாகறதப் பத்திப் பேசுறான்னா அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. மாத்திர போடாட்டியும் இதேதான், சாப்பிட மறுக்குறான், ஃபினாயில ஒடம்புல ஊத்துறான்னா உடனே ஆஸ்பத்திரி.

பெரியம்மாவ பகைச்சுக்க வேணாம். கோயிலுக்குப் போறது மனசுக்கு இதமா இருந்தா போயிட்டு வாங்க, டாக்டர் தேதிய மட்டும் அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க. இன்னொன்னு, மந்திரிச்ச விபூதிய "பயம் வந்தா பூசிக்கோ"ன்னு குடுத்தா, அதையே நாப்பது தடவ பூச ஆரம்பிச்சுடுவான், ஓசிடி எதையும் தனக்கு சடங்கா மாத்திக்கும், பாத்துக்கங்க.

கை வெடிப்புக்கு டாக்டர்ட்டயே க்ரீம் கேளுங்க. ஸ்கூல்ல கிளாஸ் டீச்சர் ஒருத்தர்ட்ட மட்டும் விசயத்தச் சொல்லி வைங்க, மொத நாளே முழு நாள் வேணாம், ரெண்டு பீரியட் உக்காந்துட்டு வரட்டும். அப்புறம் நீங்க. ஆபீஸ் விட்டு வந்து குழாய் தொறந்து விடற வேலைன்னு ஒரு வருசமா ரெண்டு ஷிப்ட் பாக்குறீங்க, ஞாயித்துக்கெழம சாயந்திரம் ரெண்டு மணி நேரம் அம்மாகிட்ட விட்டுட்டு எங்கயாவது கெளம்பிப் போயிட்டு வாங்கம்மா.

கேள்வி: எங்க மாமியார் ரொம்ப மடி, அதான் ஆச்சார சுத்தம், பாப்பாங்க. ஈரத்துணி உடுத்தித்தான் சமையல், பத்து (சோறு பட்டதத் தொட்டா கை கழுவறது), எச்சில் எல்லாம் கறாரு. போன இதழ்ல ஓசிடின்னு படிச்சதிலருந்து இவங்களுக்கும் அதானோன்னு தோணுது.
– ஒரு மருமகள், கும்பகோணம்

பதில்: மடிக்கு ஒரு முடிவு இருக்கு. குளிச்சாச்சு, பூஜை முடிஞ்சாச்சு, நிம்மதியா காபி குடிக்க உக்காந்துடுவாங்க, அந்த விதியெல்லாம் அவங்க அக்கா தங்கச்சிக்கும் அப்படியே தெரிஞ்சிருக்கும். ஓசிடில முடிவே கெடையாது, குளிச்சு முடிச்சும் "சரியா குளிச்சேனா"ன்னு திரும்ப உள்ள போவாங்க, விதியெல்லாம் அவங்களே போட்டதா இருக்கும், மாசாமாசம் கூடிட்டே போகும், அத நெனச்சு அவங்களே அழுவாங்க. ஆனா மடி பாக்குற வீட்ல ஓசிடி வந்தா வருசக்கணக்கா யார் கண்ணுக்கும் தெரியாது, "ரொம்ப ஆச்சாரம்"னு பெருமையாச் சொல்லிட்டு விட்டுடுவாங்க. (மடிங்கற பேர்ல யார யார வாசல்ல நிறுத்துறோம்ங்கறது வேற சண்ட, அத இன்னொரு இதழ்ல வச்சுக்கலாம்.) உங்க மாமியார் சமையல் முடிச்சுட்டு சீரியல் பாக்க உக்காருறாங்களா, இல்ல விளம்பர இடைவெளில எழுந்து போய் திரும்ப கால் கழுவுறாங்களா? ரெண்டாவதுன்னா எனக்கு எழுதுங்க.