திம்பம் ஏற்றத்தில் கரும்புகை: டர்போவுக்கு முன் இஜிஆர் வால்வைப் பாருங்கள்

டீசல் வண்டி ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது என்பதற்காக, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது வண்டி இழுக்காமல் கரும்புகை தள்ளுவதும், ஐடிலில் இன்ஜின் நடுங்குவதும், ஸ்கேனரில் பி0402 என்ற பிழைக்குறியீடு (இஜிஆர் வழியே அளவுக்கு மேல் புகை போகிறது) வருவதும் சேர்ந்திருப்பதால், எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு முழுவதும் மூடாமல் சிக்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். முழு இழுவையில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் எரிந்த புகையே காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, டீசல் எரியப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது.

காரணம் பெரும்பாலும் கரிப்படிவுதான். காந்திபுரம், உக்கடம் என்று கோவைக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில், புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து தார் போல வால்வின் விளிம்பில் இறுகிவிடும்.

இன்ஜின் சூடான பிறகு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இஜிஆருக்குப் போகும் கட்டளையையும் வால்வின் உண்மை நிலையையும் அருகருகே பாருங்கள். மூடச் சொல்லியும் வால்வு திறந்தே இருப்பதாகக் காட்டினால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். மோட்டார் உள்ள வால்வைத் திருப்புளியால் நெம்பக் கூடாது, பல்சக்கரம் உடைந்துவிடும். வால்வு மூடும்போது இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் காட்டும் அளவு ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கரும்புகை வரும் என்பதால், இணைப்புகளில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அந்தப் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சோதித்தாக வேண்டும். இஜிஆர் வழியையே தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியேறும் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், எச்சரிக்கை விளக்கும் மீண்டும் எரியும்.