வாசகர் கேள்வி பதில்: கூரை போன மறுநாளே முன்பணம் கேட்கிறார்கள்

கேள்வி: விடியற்காலை அடித்த புயற்காற்றில் எங்கள் பின்கட்டுச் சமையலறையின் தகரக் கூரை பாதி பிய்ந்துபோனது. பொழுது விடிந்ததும் ஒருவர் லாரியில் வந்து, இன்றே பாதிப் பணம் கொடுத்தால் நாளைக்கே போட்டுத் தருகிறேன், அப்புறம் விலை ஏறிவிடும் என்கிறார். என் கணவர் கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் இந்தக் காற்று ஒரே அடியில் பல வீட்டுக் கூரைகளைத் தூக்கிவிடும், அந்தப் பதற்றத்தில் யார் என்ன என்று கேட்காமலே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், பிறகு கன்வாஸ் போட்டு மூடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். வெறும் தீ காப்புறுதி என்றால் புயல் சேதம் பொதுவாக அதில் சேராது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி என்றால் பெரும்பாலும் சேரும். அப்படியிருந்தால் பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

அந்த லாரிக்காரரிடம் நிறுவனப் பெயர், எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவு எண், கடை முகவரி மூன்றையும் கேளுங்கள். குத்தகையாளர்கள் சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அதன் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். இன்னும் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். 'கூரை வேலை, மொத்தம் இவ்வளவு வெள்ளி' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள், தகரத்தின் கனம் எத்தனை மில்லிமீட்டர், தகரத்தைத் தாங்கும் சட்டங்களை மாற்றுவார்களா, பழைய தகரத்தை யார் அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஆணியா திருகாணியா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். காற்று கூரையை மேலே இழுக்கிறது, அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அதிகம், வெறும் ஆணி நாளடைவில் தளர்ந்து அங்கேதான் முதலில் பிடுங்கிக்கொள்ளும். ரப்பர் வாஷர் வைத்த திருகாணி, ஓரத்தில் நெருக்கமாக, நெளிதகரமானால் நெளியின் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி ஆகிவிடும்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். பொருள் வாங்கக் காசு வேண்டும் என்றால், தகரம் உங்கள் வாசலில் இறங்கியதும் அதற்கு மட்டும் கொடுங்கள். கடைசிப் பங்கு, ஒரு நல்ல மழை பெய்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான். உண்மையாக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: என் மகன் 3,000 வெள்ளி முன்பணம் கொடுத்தான், ஆள் வரவேயில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை.
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வழக்கறிஞர் தேவையில்லை ஐயா. பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 3 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வங்கியில் பணம் போட்ட சீட்டு எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் யாருக்கு அழைப்பாணை அனுப்புவார்கள்? முதல் வாசகியிடம் அந்த மூன்றையும் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் மகனிடம் கணக்கு எண் மட்டும் இருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: கூரை மாற்றுகிற சாக்கில் சமையலறையைக் கொஞ்சம் பின்னால் நீட்டலாமா?
(வாசகி, பிறை)

பதில்: இருந்த கூரையை இருந்தபடி பழுது பார்ப்பது வேறு, கட்டடத்தை நீட்டுவது வேறு. நீட்டுவதற்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 'எல்லாரும் கட்டியிருக்கிறார்கள்' என்று குத்தகையாளர் சொல்லுவார், ஆனால் மன்றத்தின் நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பெயருக்கு.