ஜப்பானின் அந்தோக்கு பேரரசர் ஆறு வயதில் கடலில் இறந்தது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு தாத்தாக்களின் அதிகாரப் போட்டிதான். அந்தோக்கு பிறந்தது 1178-இல். அப்பா தக்ககூரா பேரரசர், அம்மா தொக்குகோ. அம்மாவின் அப்பாதான் அன்றைய ஜப்பானையே ஆட்டிவைத்த தைரா குலத் தலைவர் கியோமோரி. பேரன் வழியாக ஆள நினைத்த அவர், 1180-இல் மருமகனைப் பதவி விலக வைத்து, ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தையை அரியணையில் ஏற்றினார். மறுவருடமே தக்ககூராவும் இறந்துவிட்டார், கியோமோரியும் இறந்துவிட்டார்.

1183-இல் எதிரிகளான மினமோத்தோ குலத்தின் படை தலைநகர் கியோத்தோவை நெருங்கியதும் தைரா குலத்தார் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அப்பா வழித் தாத்தாவான முன்னாள் பேரரசர் கோ-ஷிராகாவா அவர்களிடம் சிக்காமல் தப்பி, இன்னொரு பேரன் கோ-தோபாவைப் பேரரசராக்கிவிட்டார். ஆக ஒரே சமயத்தில் இரண்டு பேரரசர்கள், இருவரும் சின்னக் குழந்தைகள், ஒரே அப்பாவின் பிள்ளைகள்!

1185-இல் தான்னோஊரா கடற்போரில் மினமோத்தோ குலம் வென்றது. தோல்வி உறுதியானதும் கியோமோரியின் மனைவியான பாட்டி தொக்கிகோ பேரனை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தார் என்கிறது அந்தப் போரைப் பற்றிய காவியம். அம்மாவும் குதித்தார், ஆனால் அவரை எதிரிகள் இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அவர் அப்புறம் துறவியாகி, கியோத்தோவுக்கு அருகே ஓஹாராவில் ஜாக்கோ-இன் என்ற சிறு மடத்தில் வாழ்ந்தார். எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் வலிப்பது அவருடைய அந்த வாழ்க்கைதான்.