சூதானமும் சூதும்

மதிப்பிற்குரிய ஐயா,

தொண்டியில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்களின் மதிப்பீட்டு ஏட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும். சட்டெனப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கெல்லாம் ‘புத்திசாலி’ என்றே எழுதி எனக்கே அலுத்துவிட்டது. எங்கள் அப்பத்தா ஒரு பிள்ளையைச் ‘சூட்டிகை’ என்பார், இன்னொன்றைக் ‘கெட்டி’ என்பார், யார் வெளியே கிளம்பினாலும் ‘சூதானமாப் போயிட்டு வா’ என்பார். சூதானத்தையும் ஏட்டில் எழுதலாம் என்று நினைத்தேன். அதில் சூது இருக்கிறதே என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் தடுக்கிறார். இவற்றில் எதை எங்கே எழுதலாம்?

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நண்பரின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். சூதானத்தில் சூது இல்லை. அது ‘சாவதானம்’ என்ற வடசொல் மக்கள் நாவில் திரிந்து உருவான வடிவம் என்றே நான் கொள்கிறேன். சாவதானம் என்றால் அவதானத்தோடு, அதாவது கவனத்தோடு, இருத்தல். அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. எழுத்துத் தமிழில் ‘சாவதானமாக வந்து சேர்ந்தான்’ என்றால் அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து வந்தான் என்று பொருளாகிவிட்டது. நம் பக்கத்துப் பேச்சிலோ சூதானம் விழிப்பு என்ற பழைய பொருளைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. எழுத்துத் தமிழைக் காட்டிலும் உங்கள் அப்பத்தா மூலச்சொல்லுக்கு நெருக்கமாகப் பேசுகிறார்.

அதே அவதானம்தான், ஒரே நேரத்தில் எட்டுச் செயல்களில் கவனம் வைக்கும் அட்டாவதானக் கலையிலும் இருக்கிறது. நம் மாவட்டத்து முதுகுளத்தூரைச் சேர்ந்த சரவணப் பெருமாள் கவிராயர் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் ஆதரவில் அட்டாவதானியாக விளங்கியவர். செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டும், எதிரில் இருப்பவரோடு சதுரங்கம் ஆடிக்கொண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்லிக்கொண்டும் இருக்கும் ஒருவரின் மூளை வேகத்தை வியக்கும் நாம், அந்தக் கலைக்கு வேகத்தைச் சுட்டும் பெயரை இடாமல் கவனத்தைச் சுட்டும் பெயரை இட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. ‘உஷார்’ என்ற சொல்லும் இதே வழியில்தான் வந்தது. பாரசீகத்தில் அறிவுள்ளவன், விழிப்புள்ளவன் என்ற இரு பொருளும் தந்த சொல், தமிழுக்கு வந்ததும் அறிவைக் கரையில் இறக்கிவிட்டு விழிப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

சூது என்பது வேறு. வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் கடிந்த சூதாட்டத்தின் சூது அது. ஆனால் ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்று நாம் பாராட்டாகவே சொல்கிறோம் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை யாரும் மந்தம் என்று கருதுவதில்லை.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூட்டிகை மூளைக்கு மட்டும் உரியதன்று; கையும் காலும் கண்ணும் சேர்ந்து துறுதுறுவென இருக்கும் பிள்ளைக்கு உரியது, அறுபது வயதுக்காரருக்குப் பொருந்தாது. கெட்டி என்பது திண்மை. பாடத்தில் கெட்டி என்றால் படித்தது உள்ளே இறுகி நிற்கிறது என்று பொருளே தவிர, விரைவாகப் படித்தான் என்று பொருளில்லை. சமர்த்தை ஏட்டில் எழுதாதீர்கள்: திறமை என்ற பொருளில் வந்த சொல் இன்று சொன்னபேச்சுக் கேட்கும் குழந்தைக்குத் தரும் பட்டமாகச் சுருங்கிவிட்டது. கற்பூர புத்தி என்பதும் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. கற்பூரம், கரி, வாழைத்தண்டு என்று மாணவரை மூன்றாகப் பிரித்தவர், கரி பற்றத் தாமதமானாலும் வெகுநேரம் கனல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இக்கட்டில் சட்டென வழி காண்பவருக்குச் சமயோசித புத்தி என்பது சரியான சொல்தான், ஆனால் வகுப்பறையில் அதற்கு வாய்ப்பு அரிது.

நீங்கள் தேடும் சொல் ‘குறிப்பறிதல்’ என்று எனக்குத் தோன்றுகிறது. கீழக்கரையிலிருந்து முத்துச் சலாபத்துக்கு, அதாவது கடலில் முத்தெடுக்கப் போன பழைய குளியாளிகளை நினைத்துப் பாருங்கள். கல்லைக் கட்டிய கயிற்றோடு ஒருவர் கடலடிக்கு இறங்குவார். மூச்சடக்க முடிவது ஏறத்தாழ ஒரு நிமிடம். தண்ணீருக்குள் வாய் திறக்க வழியில்லை. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர், கயிறு சுண்டப்படுவதை உணர்ந்த கணமே அவரை மேலே இழுக்க வேண்டும். நீரோட்டம் கயிற்றை இழுப்பதும் மனிதக் கை இழுப்பதும் அவர் உள்ளங்கைக்கு வேறு வேறாகத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கணக்கில் விரைவும் கூர்மையும் சூதானமும் ஒன்றுதான். ‘கூறாமை நோக்கிக் குறிப்பறிவான் எஞ்ஞான்றும் மாறாநீர் வையக் கணி’ என்ற 701ஆம் குறள் அரசவை அமைச்சரைப் பற்றியது. ஆயினும் சொல்லாமலே குறிப்பறிபவன் வற்றாத நீர் சூழ்ந்த உலகுக்கு அணி என்ற தொடரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோணிக்காரர்தான் முன்னால் வந்து நிற்கிறார்.

குறிப்பறிதலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மதிநுட்பம் என்று எழுதினால் அது பிறவிக் கொடை போல ஒலிக்கிறது. குறிப்பறிதல் பழகினால் வருவது. ஆகவே, ‘கணக்கில் குறிப்பறிந்து முந்திக்கொள்கிறாள்; விடையைச் சரிபார்ப்பதில் இன்னும் சூதானம் வேண்டும்’ என்று தயங்காமல் எழுதுங்கள். அந்த ஏடு வீட்டுக்குப் போய் யாரேனும் வாசித்துக் காட்டும்போது, அங்கே இருக்கும் அப்பத்தாவுக்கும் அது புரியும்.

அன்புடன்.