பழைய விசைப்படகு எஞ்சின் இதுவரை சூடானதே இல்லை. கூலிங் பாகங்களில் கை வைக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் பத்து வருடம் ஓடிய விசைப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆறு சிலிண்டர் லேலண்ட் எஞ்சின். டெம்பரேச்சர் முள் எப்போதும் 80-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஒரு நாளும் சூடு ஏறியதில்லை என்று பழைய முதலாளி சொல்லி விற்றாராம். "நன்றாக ஓடுவதைக் கலைக்காமல் விட்டுவிடலாமா, தடைக்காலத்தில் கூலிங் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

பிரித்துப் பாருங்கள். அந்த முள்ளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நான் நாகப்பட்டினம் பக்கம் படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். அப்பாவுக்கும் இதே தொழில். இருபது வருடத்துக்கு மேல் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முள் அசையாமல் நிற்பது தெர்மோஸ்டாட்டின் (சூடு ஏற ஏறத் தானாகத் திறக்கும் வால்வு) வேலை. எஞ்சினுக்குள் சுற்றும் நல்லதண்ணியைக் கடல்தண்ணியால் ஆற்றும் கூலர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கூலரில் பாதிக் குழாய் அடைத்துப் போனால் தெர்மோஸ்டாட் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, நல்லதண்ணியைக் கூடுதலாகக் கூலருக்கு அனுப்பும். முள் அப்படியே 80-ல் நிற்கும். இன்னும் அடைத்தால் இன்னும் திறக்கும். முழுசாகத் திறந்து முடித்த பிறகு அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் முள் எழும்பும். அதுவும் துறைமுகத்தில் எழும்பாது. கரையிலிருந்து நாற்பது கடல் மைல் தள்ளி, வலை இறக்கி, முழு இழுவையில் போகும்போது எழும்பும்.

அதனால் நாம் பராமரிப்பது சூட்டை அல்ல, கையிருப்பை. எஞ்சினுக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி. நம் கடலில் அந்த மிச்சம் ஏற்கெனவே குறைவு. கப்பல் எந்திரங்களுக்குக் கணக்குப் போடும்போது கடல்தண்ணி 32 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். வங்கக் கடலில் கோடையில் மேல்தண்ணி 30 டிகிரியைத் தொடுகிறது. ஜூன் 14-ஆம் தேதி தடைக்காலம் முடிந்து எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும்போதும் தண்ணி பெரிதாக ஆறியிருக்காது. தடை முடிந்த முதல் வாரத்தில் என் போன் ஓயாமல் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? கடல்தண்ணி போகிற வழியிலேயே போங்கள். படகின் அடியில் உள்ள சல்லடை, கடல் வால்வு, ஸ்ட்ரெய்னர் (குப்பை பிடிக்கும் வடிகட்டி), பம்ப், கியர் ஆயில் கூலர், பெரிய கூலர் (ஹீட் எக்ஸ்சேஞ்சரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்), பிறகு வெளியே. சில படகில் வரிசை மாறும். உங்கள் படகில் எது முதலில் வருகிறது என்று குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படகைக் கரையேற்றும்போதே அடிச் சல்லடையைச் சுரண்டிவிடுங்கள். கொட்டலசும் சிப்பியும் வெளியே மட்டும் ஒட்டுவதில்லை, குழாய்க்குள்ளும் ஒரு சாண் தூரம் ஏறியிருக்கும். அடிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் சல்லடை ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போன படகும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பம்பின் இம்பெல்லர், அதாவது தண்ணியைத் தள்ளும் இறகுச் சக்கரம். பெரும்பாலும் ரப்பர்தான். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். கழற்றியதை உபரியாகப் படகில் வைத்துக்கொள்ளலாம். தடைக்காலம் 61 நாள். அவ்வளவு நாள் பம்புக்குள்ளேயே விட்டால், மடங்கி நிற்கும் இறகுகள் அப்படியே மடங்கிப் பழகிவிடும். நிமிரவே நிமிராது. ஆகவே ஏப்ரல் 15-க்குப் படகைக் கட்டியவுடன் இம்பெல்லரைக் கழற்றி ஒரு பையில் போட்டு, ஸ்டார்ட்டிங் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். யாரும் மறந்துபோய் ஸ்டார்ட் பண்ண முடியாது. திரும்பப் போடும்போது கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊத வைக்கும். சோப்புத்தண்ணியோ கிளிசரினோ போதும். கடல் வால்வைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் இம்பெல்லர் கருகிவிடும். பம்பின் மூடியில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் மூடியைத் திருப்பிப் போடலாம், பல பம்புகளில் பின்பக்கமும் சமமாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தக் கதை. சில வருடத்துக்கு முன் ஒரு படகு தடை முடிந்து போன மூன்றாம் நாளே திரும்பி வந்தது. வலை இழுத்தால் சூடு, சும்மா ஓடினால் ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் கூலரைத் திறந்து குத்திச் சுத்தம் செய்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் புதுசு. இம்பெல்லரும் புதுசு. வெளியே தண்ணி விழுவதைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. டிரைவரிடம், "பழைய இம்பெல்லர் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அது உடைஞ்சு போச்சுண்ணே. தூக்கிப் போட்டாச்சு."

"எத்தனை இறகு உடைஞ்சிருந்துச்சு?"

"எண்ணலையே."

கியர் ஆயில் கூலரின் ஓரத்து ஓஸைக் கழற்றினேன். டார்ச் அடித்தால், குழாய்களின் வாயில் கறுப்பாக மூன்று ரப்பர் துண்டு, கதவிடுக்கில் மடித்துச் செருகிய அட்டை மாதிரி தண்ணி வேகத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தன. அந்தப் படகில் கடல்தண்ணி முதலில் போவது அந்தச் சின்னக் கூலருக்கு. அதை யாரும் திறக்கவில்லை. பெரிய கூலரை எத்தனை தடவை குத்தினாலும் என்ன பயன், தண்ணி அங்கே போய்ச் சேர்ந்தால்தானே? இடுக்கியால் எடுத்துப் போட்டேன், அரை மணி நேர வேலை. அவர்கள் அதற்குள் டீசலிலும் ஐஸிலும் இழந்தது வேறு கணக்கு.

உடைந்த வளையலை ஒட்டவைத்துப் பார்ப்பது போல, உடைந்த இம்பெல்லரின் துண்டுகளைத் தரையில் வைத்து வட்டம் நிறைகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளேதான் எங்கோ இருக்கிறது.

பம்பில் இன்னொன்று. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அடியில், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே இரண்டு சீல்: ஒன்று கடல்தண்ணியைத் தடுக்க, மற்றொன்று எஞ்சின் ஆயிலைத் தடுக்க. தண்ணி சீல் தேய்ந்தால் அந்த ஓட்டை வழியே சொட்டும். அது சொட்டுவது நல்லது, சீல் போச்சு என்று சொல்கிறது. தடைக்காலத்தில் எஞ்சினுக்கு அழகாகப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள், அந்த ஓட்டையும் மூடிவிடும். பிறகு சொட்டுகிற கடல்தண்ணி வெளியே வர வழியில்லாமல் எஞ்சினுக்குள் போகும். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். ஒரு குண்டூசி எடுத்து அந்த ஓட்டையைக் குத்திவிடுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால் அதைச் செய்யுங்கள்.

பெரிய கூலர். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, குழாய்க் கட்டை வெளியே இழுங்கள். குழாய்களை மரக்குச்சியாலோ, குழாயை விட மெலிந்த பித்தளைக் கம்பியாலோ குத்துங்கள். இரும்புக் கம்பியை அடித்து ஏற்றினால் குழாய்ச் சுவர் கீறும், அந்தக் கீறலில்தான் அடுத்த வருடம் ஓட்டை விழும். உப்புப் படிவு கெட்டியாக இருந்தால் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிற பழக்கம் துறைமுகத்தில் இருக்கிறது. நொடியில் நுரைத்துக்கொண்டு சுத்தமாகும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது அலுமினிய மூடியையும் இரும்பையும் சேர்த்துத் தின்னும். மளிகைக்கடை எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள், மெதுவாக வேலை செய்யும். அதற்கு முன் சோப்புப் போட்டு ஆயில் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், பிசுக்கு இருந்தால் புளிப்புத் தண்ணி படிவைத் தொடாது. கடைசியில் சமையல் சோடாத் தண்ணி, அப்புறம் நல்லதண்ணி. மாட்டும்போது ஓரிங் எல்லாம் புதுசு.

கூலரில் பென்சில் மாதிரி ஜிங்க் ராடு ஒன்றோ இரண்டோ திருகியிருக்கும். கடல்தண்ணி எதையாவது அரித்தே தீரும், கூலரை விட்டுவிட்டு இதை அரிக்கட்டும் என்று கொடுக்கும் பலி அது. பழைய படகு வாங்குகிறவர்கள் பேரம் பேசும் முன் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெறும் பிளக் மட்டும் கையில் வந்தால், ஜிங்க் எப்போதோ தீர்ந்து, அப்புறம் கூலரே பலியாகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, பாதி கரைந்ததும் மாற்றுங்கள். முழுசாகக் கரையவிட்டால் நுனி ஒடிந்து உள்ளே விழுந்து அதுவும் குழாயை அடைக்கும். பிளக் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், கூலரோடு தொடர்பு அறுந்தால் ஜிங்க் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் ஆகியும் புதுசு மாதிரி பளபளப்பாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, அது வேலை செய்யவில்லை. மூன்று வாரத்தில் தீர்ந்துபோனால் படகில் எங்கோ பேட்டரி கரண்ட் கசிகிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எங்கள் ஆட்களோடு எனக்கு ஓயாத சண்டை. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் லைனர் (சிலிண்டரின் உள் உறை) தேய்மானம் கூடும், டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் கலக்கும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழிக் குழாயையும் மூடும். அதைக் கழற்றினால் பாதித் தண்ணி கூலருக்கே போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். சூடாகக் கூடாது என்று கழற்றியதாலேயே சூடாகும். பாத்திரத்தில் தண்ணி வைத்து, தெர்மாமீட்டரோடு நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் மேல் அடித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்தால் திரும்பப் போடலாம். பத்து வருடப் பழசு என்றால் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள்.

நல்லதண்ணிப் பக்கம் சுருக்கமாக. பத்து வருடம் போர்த்தண்ணி ஊற்றியிருப்பார்கள், எங்கள் பக்கத்துப் போர்த்தண்ணி உங்களுக்கே தெரியும். பிளாக்கின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் தண்ணி வரவில்லையென்றால் காலியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், கம்பியால் குத்துங்கள், செந்நிறச் சேறு வரும். 2004 சுனாமியில் மூழ்கிய எஞ்சின்களை அப்பா பிரித்தபோது சிலிண்டரைச் சுற்றி மணல் இறுகிப் போயிருந்ததைப் பார்த்தேன். அந்த மாதிரி எஞ்சின்கள் பல கை மாறின, உங்களுடையது பத்து வருடம்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. கழுவியபின் ஆர்.ஓ. தண்ணியும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். நமக்குப் பனி கிடையாது என்பது வாஸ்தவம், ஆனால் கூலன்ட் இங்கே துருவைத் தடுக்கத்தான். அப்பா காலத்தில் கட்டிங் ஆயில் ஊற்றுவார்கள், அது ஓஸை ஊத வைக்கும். நல்லதண்ணித் தொட்டியின் மேல் மூடியையும் மாற்றுங்கள். மூடி அரை பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணியே 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போனால் 100-லேயே கொதித்துக் கொட்டும். ஓஸ்களில் பம்புக்கு முன்னால் உள்ள உறிஞ்சும் ஓஸை மறக்காமல் பாருங்கள், வெளியே நன்றாக இருந்து உள்பக்கம் பிரிந்து தொங்கும், ஆர்.பி.எம் ஏற்றினால் சப்பிப் போகும்.

எல்லாம் மாட்டியபின் துறைமுகத்திலேயே ஸ்டார்ட் செய்து, முள்ளைப் பார்த்து, தேங்காய் உடைத்துக் கிளம்புவார்கள். அந்தச் சோதனை போதாது. அன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்.பி.எம்-மில் வைத்து, வெளியே விழும் கடல்தண்ணியைப் பக்கெட்டில் பிடித்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதுங்கள். அப்புறம் நெற்றியில் காட்டி ஜுரம் பார்க்கும் துப்பாக்கி இருக்கிறதே, அதே ஜாதியில் எந்திரத்துக்கானது ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கிறது. முதல் முறை வலை இழுக்கும்போது, அரை மணி கழித்து, கூலருக்குள் கடல்தண்ணி நுழையும் குழாய், வெளியேறும் குழாய், எஞ்சினிலிருந்து கூலருக்கு வரும் நல்லதண்ணிக் குழாய், திரும்பிப் போகும் குழாய் என்று நாலு இடத்திலும் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். பளபளக்கும் குழாயில் அது பொய் சொல்லும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். மாதம் ஒரு முறை அதே ஆர்.பி.எம், அதே இழுவை. பக்கெட் நிறைய நேரம் கூடினால் பம்பையும் ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள். பக்கெட் நேரம் அப்படியே இருந்து, திரும்பிப் போகும் நல்லதண்ணியின் சூடு மட்டும் மாதா மாதம் ஏறினால் கூலர் உள்ளே படிந்துகொண்டு வருகிறது. அப்போதும் டெம்பரேச்சர் முள் 80-ல்தான் நிற்கும்.

ஸ்ட்ரெய்னரை மட்டும் மாதம் வரை விடாதீர்கள். தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) போகும்போது தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) கூட்டம் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சொறியை எடுத்தபின் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று படகில் இருக்கும் சின்னப் பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.